தினமும் போடும் மோதிரத்துக்கு எந்தப் பச்சைக்கல்?

கேள்வி இது: அம்மாவுக்கு ஒரு மோதிரம், உங்களுக்கு ஒரு ஜோடித் தோடு, தங்கைக்கு ஒரு மூக்குத்தி. மூன்றிலும் பச்சைக்கல் வைக்க வேண்டும். ஆசாரி, "மரகதம் வேண்டாம், கல் கட்டும்போதே உடையும்" என்கிறார். கடையில் பெரிடாட், சாவோரைட், கிரீன் ஆனிக்ஸ் என்று தட்டு தட்டாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எதை எடுப்பது, ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஆசாரி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் மூன்று நகைக்கும் ஒரே கல்லைத் தேடுவதுதான் இங்கே முதல் சிக்கல். விரலில் இருக்கும் கல் கதவிலும் பாத்திரத்திலும் பைக் கைப்பிடியிலும் நாள் முழுக்க இடிபடும். காதில் இருப்பது எதிலும் இடிபடாது. மூக்கில் இருப்பது இடிபடாவிட்டாலும் எண்ணெய், வியர்வை, முகப்பூச்சு எல்லாவற்றிலும் ஊறும். அதனால் நகை எங்கே இருக்கப்போகிறது என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தாங்கும் கற்களுக்குள் பிடித்த பச்சையைத் தேடுங்கள்.

மோதிரத்தில் தொடங்குவோம், சிரமம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கல் கீறல் படாமல் இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. கீறலுக்கான அளவுகோல் மோஸ் எண், அது கூடக் கூடக் கீறல் விழுவது குறையும். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள் கலந்திருக்கும், அதன் எண் 7. எண் ஏழுக்குக் கீழே இருக்கும் கல்லைத் துணியால் துடைத்துத் துடைத்தே பாலிஷைப் போக்கிவிடலாம். பெரிடாட் 6.5 முதல் 7, சாவோரைட் 7 முதல் 7.5, பச்சை டூர்மலினும் ஏறக்குறைய அதே அளவு, மரகதம் 7.5 முதல் 8, பச்சை நிறச் சஃபையர் 9. குரோம் டயாப்சைட் என்று மலிவாக, கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒன்று கிடைக்கும். அதன் எண் 5.5 முதல் 6 வரைதான். பதக்கத்தில் வைக்கலாம், மோதிரத்தில் வைத்தால் ஓர் ஆண்டுக்குள் மங்கிப்போகும்.

மோஸ் எண்ணை மட்டும் பார்த்தால் மரகதம் பெரிடாட்டைவிட நன்றாக நிற்க வேண்டும். கீறல் விஷயத்தில் நிற்கவும் செய்யும். உடைவதில்தான் பிரச்சினை. மரகதத்தில் பிறவியிலேயே மெல்லிய விரிசல்கள் ஓடும். அந்த விரிசல்களில் செடார் எண்ணெயோ ரெசினோ ஏற்றித்தான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். இது ஏமாற்று இல்லை, உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வழக்கம். எண்ணெய் ஏறாத மரகதம் மிக அரிது, விலையும் அதற்கேற்ப ஏறும். ஓரத்தில் ஓர் இடி பட்டால் கல் அந்த விரிசல் வழியாகவே பிளக்கும். மரகதத்தின் செவ்வக வெட்டில் நான்கு மூலைகளையும் சாய்வாகச் சீவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. கூர்மையான மூலைதான் முதலில் உடையும்.

எனவே அம்மா மோதிரத்தைக் கழற்றாமல் சமையலும் செய்பவர் என்றால் என் தேர்வு பச்சைச் சஃபையர். இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும். நீலச் சஃபையரைவிட விலை நன்றாகக் குறைவு. ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அதன் பச்சை மரகதப் பச்சை இல்லை. இரும்பால் வரும் நிறம், அதனால் கொஞ்சம் பாசி கலந்த, சில நேரம் சாம்பல் தட்டிய பச்சையாக இருக்கும். மரகதத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், தனியாகப் பார்த்தால் கௌரவமான நிறம். அதைவிடத் துலக்கமான பச்சைதான் வேண்டும் என்றால் சாவோரைட். கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1967-ல் தான்சானியாவில் கண்டெடுத்து, பிறகு கென்யாவிலும் தோண்டி, அங்குள்ள சாவோ தேசியப் பூங்காவின் பெயரையே வைத்தார்கள். எண்ணெய் ஏற்றுவது, சூடு பண்ணுவது போன்ற வேலைகள் வழக்கத்தில் இல்லாத கல் என்பது இதில் பெரிய நிம்மதி. இரண்டு காரட்டைத் தாண்டினால் மட்டும் விலை சட்டென்று எகிறும், ஏனென்றால் பெரிய கல் கிடைப்பதில்லை.

மரகதமேதான் வேண்டும் என்று அம்மா சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. கல்லைப் பதிக்கும் விதத்தில் அதைச் சமாளிக்கலாம். நான்கு மூலையில் கொக்கி போலப் பிடிக்கும் பிராங் செட்டிங் வேண்டாம். கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்கத்தாலேயே கரை கட்டும் பீசல் செட்டிங் போடச் சொல்லுங்கள், கல் மோதிரத்தின் மேல் எழும்பி நிற்காமல் தாழ்ந்து உட்கார வேண்டும். இங்கே 22 காரட் தங்கத்தின் மென்மை உதவிக்கு வருகிறது: மெல்லிய கரையை மெதுவாக அழுத்தினாலே மடிந்துவிடும், கல்லின் மேல் அழுத்தம் குறைவாக விழும். அதே மென்மை பிராங்குக்குப் பகை, 22 காரட் கொக்கிகள் துணியில் மாட்டி நாளடைவில் விரியும். பிராங்தான் வேண்டுமென்றால் அந்தப் பகுதியையாவது 18 காரட்டில் செய்யச் சொல்லுங்கள். ஆசாரி சொன்ன "கட்டும்போதே உடையும்" பெரும்பாலும் கனமான கரையைச் சுத்தியல் வைத்துத் தட்டி மடக்கும்போது நடப்பது. கல் உட்காரும் பள்ளம் கல்லின் வடிவத்துக்குச் சரியாக வெட்டப்படாமல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றாலும் இதே கதிதான். பற்றவைக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதிக்க வேண்டும். பின்னாளில் மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ போனால், கல்லைக் கழற்றாமல் தீயைக் காட்ட விடாதீர்கள். எண்ணெய் வெந்து வெளியே வரும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்.

ஜோசியத்துக்காகப் புதனுக்குப் போடுகிறவர்கள் கல்லின் அடி தோலில் படும்படி திறந்த பதிப்பு கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். அடியில் சோப்பும் சந்தனமும் மாவும் சேர்ந்து கல் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான், கழுவினால் சரியாகும். "குற்றமே இல்லாத மரகதம்" என்று கேட்டு வாங்குவதில்தான் ஆபத்து. பெரிய, கண்ணாடி போல் சுத்தமான, மலிவான மரகதம் என்று மூன்றும் சேர்ந்து ஒரு கல்லில் இருந்தால் அது பூமியில் விளைந்த மரகதம் இல்லை.

மூக்குத்திக்கு யோசிக்கவே வேண்டாம், சாவோரைட். இரண்டரை மூன்று மில்லிமீட்டர் வட்டக் கல்லில் மரகதம் பெரும்பாலும் மங்கித்தான் தெரியும். ஒளியை வளைத்துத் திருப்பும் திறன் சாவோரைட்டில் அதிகம்: அதன் ஒளிவிலகல் எண் 1.74, மரகதத்துக்கு 1.58 வரைதான். அந்தச் சின்ன அளவில் இந்த வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். இந்த அளவில் விலையும் கையைக் கடிக்காது. வழக்கமான மூடிய பதிப்பு, அதாவது கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து அரக்கு நிரப்பிய க்ளோஸ் செட்டிங், மூக்குத்திக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தினமும் முகம் கழுவும்போது தண்ணீர் உள்ளே இறங்கி, பின்னால் இருக்கும் பளபளப்புத் தகடு கறுத்துவிடும். கல் செத்துப்போனது என்று நினைத்து வருவார்கள், கல் நன்றாகவே இருக்கும்.

அந்தத் தகட்டைப் பற்றி இன்னொன்று. கோயில் நகைப் பாணியில் சிவப்பும் பச்சையுமாக வரும் கெம்பு வேலையில் இந்த மூடிய பதிப்புதான் மரபு, நாகர்கோவில் வடசேரி வேலை அதற்குப் பேர்போனது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தப் பதிப்பில் இருக்கும் கல்லின் தரத்தை யாராலும் சொல்ல முடியாது. பின்னால் பச்சைத் தகடு வைத்தால் வெளிறிய கல்லும் வெறும் கண்ணாடியும்கூட அடர் பச்சையாக ஒளிரும். இன்றைய கெம்பு செட்டுகளில் பெரும்பாலானவை செயற்கைக் கல்லோ கண்ணாடியோ வைத்தவைதான். அதைச் சொல்லி, அதற்கான விலையில் விற்றால் தவறே இல்லை. மரகதம் என்று சொல்லி மூடிய பதிப்பில் விற்றால் கல்லைத் தனியாகப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தோட்டுக்கு வந்தால் உங்கள் கை கட்டவிழ்கிறது. மரகதம், பெரிடாட், டூர்மலின் எதுவும் நிற்கும். பெரிடாட்டை நான் இங்கே விரும்பிச் சொல்வேன். பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் செய்யாத கல், இளந்தளிர்ப் பச்சை, மஞ்சள் தங்கத்தோடு நன்றாகச் சேரும், மஞ்சள் விளக்கிலும் பச்சை மாறாமல் நிற்கும். பழைய எகிப்தின் செங்கடல் தீவிலிருந்து வந்தது. இன்று மியான்மர், பாகிஸ்தான், அமெரிக்காவின் அரிசோனா என்று பல இடத்தில் கிடைக்கிறது. அமிலம் மட்டும் அதற்கு ஆகாது. எலுமிச்சை, புளி வைத்து நகை துலக்கும் பழக்கம் இருந்தால் பெரிடாட்டை அதில் சேர்க்காதீர்கள். நகை வேலையில் பற்றவைத்த பின் போடும் அமிலக் கரைசலிலும் அதை முக்கக் கூடாது. டூர்மலின் வாங்கினால் விரலில் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் அழகான பச்சையும் மற்றொரு திசையில் கிட்டத்தட்ட கறுப்பும் தெரியும். கல்லைத் தவறான திசையில் வெட்டியிருந்தால் அந்தக் கறுப்பே முகப்பில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஜோடிக் கல்லுக்குக் காரட்டைச் சொல்லிக் கேட்காமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். தங்கத்தில் காரட் என்பது தரம், கல்லில் அது எடை, 0.2 கிராம். கல்லின் அடர்த்தி மாறினால் ஒரே எடையில் அளவும் மாறும். உதாரணமாக 7×5 மி.மீ. முட்டை வடிவம், ஆழம் 3.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது மரகதமாக இருந்தால் சுமார் 0.65 காரட், பெரிடாட் 0.8, சாவோரைட் 0.86, சஃபையர் 0.95. "ஒரு காரட் கல் ஜோடி" என்று மட்டும் சொல்லி வாங்கினால், மரகதத்தில் பெரிதாகவும் சஃபையரில் சிறிதாகவும் வந்து, செய்து வைத்த பள்ளத்தில் உட்காராது. இரண்டு கல்லையும் பக்கம் பக்கமாக வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். இடது பக்கம் அடர்த்தியாகத் தெரிந்தது வலது பக்கம் வந்தும் அடர்த்தியாகவே தெரிந்தால் ஜோடி சரியில்லை.

கல்லைப் பார்க்கும் முறைக்கு வருவோம். கடை விளக்குகள் கல்லை விற்பதற்காகப் போடப்பட்டவை. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், நேர் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் மஞ்சள் விளக்கு மாதிரி ஒன்றின் கீழேயும் பாருங்கள், ஏனென்றால் கல்யாண மண்டபத்தில் அந்த வெளிச்சம்தான் இருக்கும். பழைய இரத்தினப் பரீட்சை வழக்கில் மரகதத்துக்குச் சொன்ன குற்றங்களில் 'இருள்' ஒன்று. இன்றைக்கும் சரியான சொல் அதுதான். ரொம்பவும் அடர்ந்த பச்சைதான் உயர்ந்தது என்று நினைத்து வாங்கும் கல், மாலை ஆனதும் கறுப்புப் பொத்தானாகிவிடும். கல்லைச் செய்தித்தாளின் மேல் குப்புறப் போடாமல் முகப்பு மேலே இருக்க வைத்துப் பாருங்கள். நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஆழம் போதாத வெட்டு, அந்த இடத்தில் நிறம் வெளிறும். எடையைக் காப்பாற்ற அடியில் தொந்தி போல் விட்டுவைத்த வெட்டும் உண்டு. முகத்தில் தெரியாத அந்த எடைக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மரகதத்தில் உள்ளே பாசி போல், இலை நரம்பு போல் தெரிவது இயல்பு. பயப்பட வேண்டியது மேற்பரப்பு வரை வந்து முடியும் விரிசல், அதிலும் விளிம்பில் இருப்பது. கல்லை மெல்லச் சாய்க்கும்போது விரிசலுக்குள் ஆரஞ்சு, நீலப் பளிச்சிடல் தெரிந்தால் ரெசின் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பச்சை நிறம் விரிசல் கோடுகளில் மட்டும் திரண்டு, இடைப்பட்ட இடம் வெளிறியிருந்தால் சாயம் கலந்த எண்ணெய். அந்தக் கல்லை அப்படியே திருப்பிக் கொடுங்கள். உருண்டைக் குமிழிகள் கண்ணாடிக்கு அடையாளம். பெரிடாட்டின் முகப்பு வழியாக எதிர்ப்பக்கப் பட்டைகளின் ஓரங்களைப் பாருங்கள், ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாகத் தெரியும். பச்சைக் கண்ணாடியிலும் சாவோரைட்டிலும் ஒற்றைக் கோடுதான். லூப் வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. இரண்டு துண்டை ஒட்டிய கல் என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மேலும் கீழும் நிறமில்லாமல் நடுவில் மட்டும் பச்சைக் கோடு ஓடும்.

பதிக்காத கல்லுக்கு எடை சோதனையும் செய்யலாம். 0.001 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். 5 காரட் கல், அதாவது 1.000 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. மரகதம் என்றால் சுமார் 0.37, பெரிடாட் 0.30, சாவோரைட் 0.28, பச்சை நிறக் கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல் 0.17 அளவில் வரும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், தண்ணீரில் ஒரு துளி சோப்பு விட்டால் போதும். இரண்டு காரட்டுக்குக் குறைந்த கல்லில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் வளர்த்த மரகதத்தை இதில் கண்டுபிடிக்கவே முடியாது, அதுவும் அதே பொருள்தான். அதற்குக் கற்களைச் சோதித்து அறிக்கை தரும் லேப் மட்டுமே வழி.

பெயர்களில் கவனம். "ஹைட்ரோ", "நானோ" என்று முன்னொட்டு போட்டு வருபவை பெரும்பாலும் கண்ணாடி வகை. "ஈவினிங் எமரால்டு" என்பது பெரிடாட். "இந்தியன் ஜேட்" என்பது அவென்சுரின் என்ற குவார்ட்ஸ் வகை. கிரீன் ஆனிக்ஸ் சாயம் ஏற்றிய கால்செடனி, அதுவும் குவார்ட்ஸ் வகைதான். சீக்கிரம் உடையாது, மலிவு, மொழுமொழுவென்று தேய்த்த கபோஷான் வடிவில் அன்றாடத் தோட்டுக்கு மோசமில்லை, மரகத விலை மட்டும் கொடுக்காதீர்கள். "கிரீன் அமெதிஸ்ட்" வெயிலில் வெளிறக்கூடியது. காங்கேயம் பக்கத்துக் கல் என்று சொல்லி மரகதம் விற்றால் நம்பாதீர்கள். படியூரில் பண்டைக் காலத்தில் தோண்டிய பெரில், கடல்நீல வகை. மரகதமும் பெரில்தான், ஆனால் குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால்தான் அந்தப் பச்சை வரும்.

கொலம்பியக் கல்லா, ஜாம்பியக் கல்லா என்ற கேள்வி கட்டாயம் வரும். கொலம்பியாவின் மூசோ, சிவோர் சுரங்கக் கற்களுக்குப் பெயர் அதிகம், அதற்கென்றே விலையும் அதிகம். ஜாம்பியக் கற்களில் இரும்பு சற்று கூடுதல், பச்சையில் நீலச் சாயல் தெரியும், பல நேரம் உள்ளே சுத்தமாகவும் இருக்கும். தோட்டுக்கு என்றால் ஜாம்பியாவையே எடுங்கள். ஊர்ப் பெயருக்குத் தனி விலை கேட்டால், ஊரைக் குறிப்பிட்டுப் பெயர்பெற்ற லேப் கொடுத்த அறிக்கை இருக்க வேண்டும். வாய்ச் சொல்லுக்கு ஊர் விலை கிடையாது.

அறிக்கையில் நான்கு இடத்தைப் பாருங்கள்: இனம் பெரில், வகை எமரால்டு, இயற்கையா என்பது, சிகிச்சை. சிகிச்சை வரியில் மைனர் என்று இருந்தால் நல்லது, மாடரேட் என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், சிக்னிஃபிகன்ட் என்றால் மோதிரத்துக்கு வேண்டாம். "கிரீன் பெரில்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மரகதம் என்று ஒப்புக்கொள்ளப்படாத கல். அறிக்கையில் இருக்கும் மில்லிமீட்டர் அளவும் கையில் இருக்கும் கல்லும் பொருந்துகிறதா என்று காலிப்பரில் அளந்து பாருங்கள், வேறு கல்லின் காகிதத்தைக் கொடுப்பதும் நடக்கும். நகையின் ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடும் தங்கத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பேபி ஷாம்பு, மிருதுவான பிரஷ், ஒரு நிமிடம், பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தல். கொதிக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது, பல்பொடி, கடையில் இருக்கும் அல்ட்ராசானிக் தொட்டி, நீராவிக் குழாய், எதுவும் மரகதத்துக்கு ஆகாது. இட்லிப் பாத்திரத்தின் ஆவியிலும் அந்த விரலைக் காட்டாமல் இருப்பது நல்லது. சில வருடம் கழித்து விரிசல் வெளுத்துத் தெரிந்தால் மறுபடி எண்ணெய் ஏற்றலாம், ஜெய்ப்பூரில் அதற்கென்றே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வைர நகையோடு ஒரே பெட்டியில் கொட்டி வைக்காதீர்கள், வைரம் எல்லாவற்றையும் கீறும்.

பில் போடும்போது மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். கல் எடைக்குத் தங்க விலை கணக்கிட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கல்லின் பெயர், காரட், சிகிச்சை ஆகியவையும் பில்லில் எழுத்தில் இருக்கட்டும். பின்னால் அந்த நகையைப் பழைய தங்கமாக மாற்றப் போனால் பெரும்பாலான கடைகள் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே விலை போடும். அப்போது கல்லைச் சேதமில்லாமல் கழற்றித் தரச் சொல்லி, எடை போட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.